பெட் சிடி ஸ்கேனுக்கு முன்னால் ஒரு கேள்வி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



என்னைப் பேசச் சொன்னதும் மசாலாப் பொடி தயாரிப்பு பற்றித்தான் பேசுவேன் என்று நிறையப் பேர் நினைத்திருப்பீர்கள். அதைப் பேச நம்ம குழுவில் என்னைவிடக் கெட்டிக்காரங்க இருக்காங்க. நான் குடல் புற்றுநோய் பற்றியும், அது வேறு இடத்துக்குப் பரவினால் எடுக்கச் சொல்கிற பெட் சிடி ஸ்கேன் பற்றியும் பேசப் போகிறேன். என் மாமியாருக்கு அந்த நோய் வந்தது. மூன்று வருடம் அவங்களோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன். நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். குழுவில் தீர்மான நோட்டு எழுதுவது என் வேலை. அந்தப் பழக்கத்தில் டாக்டர் சொல்வதையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன். இன்றைக்கு அந்த நோட்டைக் கொண்டு வந்திருக்கிறேன்.

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மல்லிகைப் பூ எடுக்கப் போகிறவங்க. விடியக்காலம் நாலு மணிக்கு டார்ச் லைட்டோடு கிளம்பிடுவாங்க. வெளிக்குப் போகும்போது ரத்தம் போகுது என்று முதலில் யாரிடமும் சொல்லவில்லை. நாம யாருதான் சொல்றோம்? பிறகு ஒரு இடத்தில் காட்டினபோது மூலம் என்று சொல்லி, கையை வைத்துக்கூடப் பார்க்காமல் எட்டு மாதம் மருந்து கொடுத்தார்கள். ரத்தம் குறைந்து, நடந்தாலே மூச்சு வாங்கின பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஆசனவாய் வழியாக டியூப் விட்டுப் பார்க்கிற கொலனோஸ்கோப்பி செய்து, பெருங்குடலில் கட்டி என்று சொன்னார்கள். ஆபரேஷன் நடந்தது. அதன்பின் ஆறு மாதம் கீமோ. எங்க ஊரில் எல்லோருக்கும் அது தெரியும், அதனால் நீட்டவில்லை. வெளிக்கு ரத்தம் போனாலோ, ஒரு மாதத்துக்கு மேல் வயிறு போகிற விதமே மாறிப் போனாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, மூலம் என்று நாமளே முடிவு கட்டாதீர்கள். இதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சி.இ.ஏ. என்று ஒரு ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். குடல் புற்றுநோய் திரும்பி வந்தால் பல பேருக்கு அந்த அளவு ஏறும். அத்தைக்கு ஒன்றரை வருடம் மூன்றிலேயே இருந்தது. திடீரென்று பதினாலு. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் இருபத்திரண்டு. ஆளைப் பார்த்தால் நன்றாக இருக்காங்க, சாப்பிடுறாங்க, பூ எடுக்கப் போறாங்க. சிடி ஸ்கேன் எடுத்ததில் கல்லீரலில் ஒரு கட்டி, மூன்று சென்டிமீட்டர். வலது நுரையீரலின் மேல்பக்கத்திலும் ஏதோ ஒரு புள்ளி.

குடலில் வந்தது எப்படி கல்லீரலுக்குப் போகும் என்று நான் கேட்டேன். குடலிலிருந்து கிளம்புகிற ரத்தம் முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறதாம், நாம் சாப்பிட்டதன் சத்தை அங்கே கொண்டு சேர்க்க. அந்த ரத்தத்தோடு நோயும் போய் அங்கே தங்கிவிடும். குடல் புற்றுநோய் பரவுவதென்றால் ரொம்பப் பேருக்கு முதல் இடம் கல்லீரல்தான்.

பரவிவிட்டது என்றதும் எங்க வீட்டில் எழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் டாக்டர் சொன்னது வேறு. கல்லீரலில் மட்டும் இருந்தால், வெட்டி எடுக்க முடிந்த இடத்தில் இருந்தால், எடுத்துவிடலாம். மீதிக் கல்லீரல் நன்றாக இருந்தால் அது வளர்ந்துகொள்ளும். அப்படி எடுத்து, அஞ்சு வருடம், அதற்கு மேலும் நல்லபடியாக இருக்கிறவர்கள் உண்டு என்றார். வேறு இடத்திலும் இருந்தால் திட்டமே மாறும், வெட்டுகிறதா, மருந்து மட்டுமா என்று யோசிக்க வேண்டும். நுரையீரலில் இருக்கிற புள்ளி என்ன என்று தெரிந்தாக வேண்டும், அதற்கு பெட் சிடி எடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

அத்தை அதைக் கேட்டுவிட்டு, "ஏத்தா, பெட்டு ஸ்கேன்னா கட்டில்ல படுக்கவச்சு எடுக்குறதா? நம்ம வீட்லயே கட்டில் கெடக்கே, அதுக்கு எதுக்கு இம்புட்டுக் காசு?" என்றாங்க. அந்த நேரத்திலும் டாக்டர் சிரித்துவிட்டார்.

காசு என்றால் சும்மா இல்லை. தனியார் இடங்களில் பத்தாயிரத்துக்கு மேல், சில இடங்களில் இருபதாயிரம் வரைக்கும் கேட்டார்கள். என் கொழுந்தனார், "ஏற்கெனவே சிடி எடுத்தாச்சு, கட்டி இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு, இன்னொன்னு எதுக்கு? அந்தக் காசை ஆபரேஷனுக்கு வைப்போம்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால் மறுநாள் நானே டாக்டரிடம் போய்க் கேட்டேன்: "சார், இந்த ஸ்கேன்ல என்ன தெரிஞ்சா எங்க அத்தைக்கு வைத்தியம் எப்படி மாறும்?"

இந்தக் கேள்விக்காகத்தான் இன்றைக்கு இங்கே நிற்கிறேன். அவர் கோபப்படவில்லை. தாளை எடுத்து படம் போட்டுக் காட்டினார். நுரையீரல் புள்ளி நோய் இல்லை என்றால் கல்லீரல் ஆபரேஷன். அதுவும் நோய் என்றால் முதலில் மருந்து, பிறகு பார்க்கலாம். வயிற்றுக்குள் வேறு இடத்திலும் இருந்தால் பெரிய ஆபரேஷன் செய்து உடம்பைக் கெடுக்க வேண்டாம். மூன்று பதிலுக்கு மூன்று வழி. அதைக் கேட்ட பிறகு கொழுந்தனாரும் சரி என்றுவிட்டார்.

சிடிக்கும் பெட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். நீங்க கொடைக்கானல் மலைப் பாதையில் நின்று கீழே பாருங்கள். பகலில் பார்த்தால் எல்லா வீடும் தெரியும், தெரு தெரியும், கோயில் தெரியும். எந்த வீட்டில் ஆள் இருக்கு, எது பூட்டிக் கிடக்கு என்று தெரியாது. அது சிடி. ராத்திரியில் பார்த்தால் விளக்கு எரிகிறது தெரியும், ஆனால் அது எந்தத் தெரு, எந்த வீடு என்று பிடிபடாது. அது பெட். இரண்டு படத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் எந்த வீட்டில் விளக்கு எரியுது என்று சொல்லிவிடலாம். அதுதான் பெட் சிடி. முன்னே இரண்டும் தனித்தனி மெஷினாக இருந்ததாம். 1998-ல் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கில் இரண்டையும் ஒரே மெஷினாகச் சேர்த்தார்கள்.

அந்த விளக்கு எப்படி எரிகிறது? சர்க்கரை மாதிரி ஒரு மருந்தில் கொஞ்சம் கதிர்வீச்சைச் சேர்த்து நரம்பில் ஊசி போடுவார்கள். புற்றுநோய் செல்களில் பெரும்பாலானவை சர்க்கரையை அள்ளி அள்ளித் தின்னும். தின்ற இடம் மெஷினில் பளிச்சென்று தெரியும். இதைக் கேட்டுவிட்டு எங்க தெருவில் ஒருத்தர், "சர்க்கரைதான் நோய்க்குச் சாப்பாடு, இனிமே சோறே போடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். டாக்டரிடம் கேட்டேன். சோற்றை நிறுத்தினால் நோய் பட்டினி கிடக்காது, ஆள்தான் பட்டினி கிடப்பார், கீமோ தாங்குகிற தெம்பு போய்விடும் என்றார்.

ஸ்கேன் அன்றைக்கு என்ன செய்யணும் என்பதை விவரமாகச் சொல்கிறேன், இதில் நாங்கள் பட்ட பாடு அதிகம். அத்தைக்குச் சுகர் உண்டு. பதிவு செய்தபோது அந்த ஸ்கேன் சென்டரில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. விடியக்காலம் பஸ் ஏறி, மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தால், விரலில் குத்திப் பார்த்துவிட்டு 248 இருக்கு, இன்றைக்கு எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால், ஊசி மருந்து நோயிடம் போகாதாம். ஏற்கெனவே வயிறு நிறைந்தவனுக்கு மேலும் சோறு இறங்காத மாதிரி. பொதுவாக 200-க்குக் கீழே இருக்க வேண்டும். சுகர் உள்ளவர்கள் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்லுங்கள். அந்த மாத்திரையால் குடல் தானாகவே பளிச்சென்று தெரியும், நோய் எது, மாத்திரை எது என்று குழம்பும். நிறுத்தலாமா, எத்தனை நாள் என்று டாக்டர்தான் சொல்லணும், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

முதல் நாள் கடினமான வேலை கூடாது. மறுபடி போனபோது அத்தையை பூ எடுக்க விடவில்லை. ஆறு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும் குடிக்கலாம். ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் தனி அறையில் பேசாமல் படுத்திருக்க வேண்டும். பேசினால், மென்றால், நடந்தால் அந்தச் சதை சர்க்கரையைத் தின்று அங்கேயும் விளக்கு எரியும். அத்தைக்கு வெற்றிலை இல்லாமல் ஒரு மணி நேரம் இருக்கணும் என்றதுதான் ஊசியைவிடப் பெரிய தண்டனை. ஏசி குளிரும், ஒரு போர்வை கொண்டு போங்க. அப்புறம், நேரத்துக்குப் போங்க. அந்த மருந்தின் வேகம் ரெண்டு மணி நேரத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடும். வாங்கி வைத்து நாளைக்குப் போட்டுக்கொள்கிற மருந்து இல்லை.

ஸ்கேன் எடுத்த அன்றைக்குத் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்கள், சிறுநீரில் மருந்து வெளியே போய்விடும். கர்ப்பிணிப் பெண்களும் கைக்குழந்தைகளும் அன்றைக்குப் பக்கத்தில் வர வேண்டாம் என்றார்கள். என் ஓரகத்தி அப்போது ஏழு மாதம், அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். உடனே ஊருக்குள் என்ன பேச்சு? புற்றுநோய் ஒட்டிக்கொள்ளும் என்றுதான் அனுப்பிவிட்டோமாம். புற்றுநோய் ஒட்டுவாரொட்டி இல்லை. அந்த ஒருநாள் உடம்பில் இருக்கிற ஊசி மருந்துக்காகத்தான் விலகி இருக்கச் சொல்வது. மறுநாள் அத்தை பேரனை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டாங்க.

ரிப்போர்ட் வந்தது. படத்தைப் பார்த்ததும் எங்க வீட்டுக்காரருக்கு மயக்கமே வந்துவிட்டது. தலை பூராவும் எரியுது, இருதயம், சிறுநீரகம், மூத்திரப்பை எல்லாம் எரியுது. அதெல்லாம் எல்லோருக்கும் எரிகிற இடமாம். மூளை எப்போதும் சர்க்கரை தின்கிற உறுப்பு. ரிப்போர்ட்டில் எஸ்.யு.வி. என்று ஒரு எண் போட்டிருக்கும், எவ்வளவு தின்றது என்பதற்கு அளவு. அதை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள். படத்தையும் சிடி தட்டையும் பத்திரமாக வையுங்கள், அடுத்த தடவை எடுக்கும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள்.

கல்லீரல் கட்டி எரிந்தது. நுரையீரல் புள்ளி எரியவில்லை. அதில் சுண்ணாம்பு படிந்திருப்பதும் தெரிந்தது. அத்தைக்கு இருபத்தைந்து வயதில் காச நோய் வந்து மாத்திரை சாப்பிட்டு ஆறினது, அதன் தழும்பு. வேறு எங்கேயும் இல்லை. ஆபரேஷன் டாக்டர், கீமோ டாக்டர், ஸ்கேன் டாக்டர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசி, கல்லீரலை வெட்டலாம் என்று முடிவு செய்தார்கள். ஆபரேஷன் முடிந்து இப்போது பதினாறு மாதம். சி.இ.ஏ. இரண்டரைக்கு இறங்கியிருக்கிறது. அடுத்த பரிசோதனை தை மாதம்.

இதைக் கேட்டுவிட்டு, அந்த ஸ்கேன் எடுத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஸ்கேன் வைத்தியம் இல்லை. அது தப்பாகவும் காட்டும். காச நோய் ஆறாமல் இருந்தால் அதுவும் எரியும், புண்ணும் சீழும் எரியும், ஆபரேஷன் செய்த புது ரணமும் எரியும். ஒரு சென்டிமீட்டருக்கும் சின்னப் புள்ளியை விட்டுவிடலாம். குடல் கட்டியில் சளி மாதிரி சுரக்கிற ஒரு வகை சரியாகவே எரியாது. கீமோ போட்ட சூட்டோடு எடுத்தால் நோய் அணைந்த மாதிரி தெரியும், உள்ளே உயிரோடு இருக்கும். அதனால்தான் அத்தைக்குக் கல்லீரலை மட்டும் எம்.ஆர்.ஐ.யிலும் பார்த்தார்கள். இது என்ன, ஸ்கேன் மேல் ஸ்கேனாகக் காசு பிடுங்குகிறார்களா என்று எனக்குச் சந்தேகம். அதையும் கேட்டேன். கல்லீரலுக்குள் இருக்கிற சின்னப் புள்ளிக்கு எம்.ஆர்.ஐ. நல்லது, கல்லீரலுக்கு வெளியே எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க பெட் சிடி நல்லது என்று பதில் வந்தது.

அங்கே படிக்கிற சின்ன டாக்டரம்மா ஒருத்தர் நான் நோட்டு எழுதுவதைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு கணக்குச் சொன்னாங்க. நெதர்லாந்து நாட்டில் கல்லீரலுக்குப் பரவின 150 பேரை இரண்டு பிரிவாக வைத்துப் பார்த்து 2009-ல் எழுதியிருக்கிறார்கள். சிடி மட்டும் எடுத்தவர்களில் வயிற்றைத் திறந்தும் பலனில்லாமல் போனது நூற்றுக்கு 45 பேர். பெட்டும் எடுத்தவர்களில் 28 பேர். பிறகு கனடாவில் 404 பேரை வைத்துப் பார்த்தார்கள், 2014-ல் வந்தது. அதில் பெட் சிடி எடுத்த 263 பேரில் 21 பேருக்குத்தான் ஆபரேஷன் திட்டம் மாறியது. எடுத்தவர்களும் எடுக்காதவர்களும் உயிரோடு இருந்த காலத்தில் வித்தியாசம் இல்லை. நல்ல சிடி எடுத்துச் சந்தேகமே இல்லாத ஆளுக்கு இது கட்டாயம் என்று இல்லை, சந்தேகம் இருக்கிற ஆளுக்குத்தான் ரொம்ப உதவும் என்றாங்க. அத்தைக்கு நுரையீரல் புள்ளி என்கிற சந்தேகம் இருந்தது. இன்னொருத்தருக்கு சி.இ.ஏ. ஏறிக்கொண்டே போகும், சிடியில் ஒன்றும் தெரியாது, அவர்களுக்கும் உதவும். பயத்துக்காக வருடா வருடம் எடுத்துப் பார்ப்பதற்கு இல்லை.

பக்கத்து ஊர்க் குழுவில் ஒரு அக்கா இருந்தாங்க. பேர் சொல்லவில்லை, அவங்க மகளிடம் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன். அவங்களுக்கும் இதே நோய், கல்லீரலில் கட்டி, ஆபரேஷனுக்குத் தேதியும் குறித்தாச்சு. பெட் சிடியில் வயிற்றின் உள்சவ்வு பூராவும் புள்ளி புள்ளியாக எரிந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். "அந்த ஸ்கேனை எடுக்காமலே இருந்திருக்கலாம், நம்பிக்கையே போச்சு" என்று அவங்க வீட்டில் இன்றைக்கும் சொல்றாங்க. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வயிற்றைத் திறந்து, ஒன்றும் செய்ய முடியாமல் தைத்து, அந்த ரணத்தோடு இரண்டு மாதம் படுத்துக் கிடந்திருப்பாங்க. அப்படியில்லாமல் கீமோ எடுத்துக்கொண்டு பதினாலு மாதம் நடமாடினாங்க. மகள் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறினதை நான் பார்த்தேன். கடைசி நாட்களில் வலிக்கு மருந்து கொடுத்தார்கள். ஆபரேஷனுக்கு என்று அடகு வைக்க எடுத்த நிலப்பத்திரம் வீட்டிலேயே இருந்தது.

காசு விஷயத்துக்கு வருகிறேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரைக்கும் வைத்தியம் உண்டு. அட்டை இல்லாதவர்கள் நோய் வருவதற்கு முன்னாலேயே எடுத்து வையுங்கள். ஸ்கேனுக்கு முன்னால் காப்பீட்டுக் கவுன்ட்டரில், இது எங்க அட்டையில் வருமா, முன் அனுமதி வேண்டுமா என்று கேளுங்கள். முதலில் காசு கட்டிவிட்டுப் பிறகு கேட்டால் திரும்ப வாங்குவது கஷ்டம். அரசு ஆஸ்பத்திரியில் எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள்.

எங்களுக்கு ஸ்கேன் தேதி கிடைத்தது வியாழக்கிழமை. குழுக் கூட்டமோ அடுத்த வாரம் சனிக்கிழமை. எங்க குழு ஊக்குநர் அக்கா ராத்திரி எட்டு மணிக்கு வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டு, கோயில் திண்ணையில் உட்கார்ந்து, பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, சேமிப்பிலிருந்து பதினைந்தாயிரம் உள்கடன் கொடுத்தார்கள். அந்த அக்கா இங்கேதான் இருக்காங்க, எழுந்திருக்கச் சொன்னால் கோவிப்பாங்க. எல்லாக் குழுவிலும் அப்படி ஒரு ஆள் கிடைக்காது. கூட்டமைப்பில் கடன் கேட்டால் என்ன தொழிலுக்கு என்று கேட்கிறோம். கறவை மாடு என்று எழுதி வாங்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் கட்டின கதை இந்தப் பந்தலிலேயே எத்தனை இருக்கு என்று நமக்குத் தெரியும். மேலாளர் சார் மன்னிக்கணும்.

அதனால் ஒரு தீர்மானம் வைக்கிறேன். கூட்டமைப்புப் பணத்தில் ஒரு பங்கை மருத்துவ அவசரக் கடன் என்று தனியாக ஒதுக்க வேண்டும். டாக்டர் சீட்டு இருந்தால் மாதக் கூட்டத்துக்குக் காத்திராமல் தலைவி, செயலாளர், பொருளாளர் மூன்று பேர் கையெழுத்தில் மூன்று நாளுக்குள் கொடுக்க வேண்டும். வட்டி தொழில் கடனைவிடக் குறைவாக இருக்கட்டும். தொகை எவ்வளவு, எத்தனை தவணை என்பதைக் குழுக்களில் பேசிவிட்டு வாருங்கள். நோய் வந்த வீட்டுக்கு ஆஸ்பத்திரி போகத் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடலாம், நோட்டோடு வருகிறேன். தீர்மானத்தை எழுதி இரண்டாம் பக்கத்தில் வைத்திருக்கிறேன், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பொருளாளர் அக்காவிடம் கொடுத்துவிடுகிறேன்.